கட்டளை மட்டும் போதுமா? காரணத்தையும் சொல்லிக் கொடு!

எண்ணூர் அருகே கட்டப்பட்டு வந்த அனல் மின் நிலையத்தில், 2025 செப்டம்பர் 30 அன்று, உயரத்தில் அமைத்துக்கொண்டிருந்த இரும்பு வளைவு சரிந்து விழுந்தது. மேலே நின்று வேலை செய்தவர்கள் அதோடு சேர்ந்து கீழே வந்தார்கள். 9 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் அஸ்ஸாமிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். காயம்பட்டவர்களும் பிணங்களும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தன. மாநில சர்க்கார் தலைக்கு 10 லட்சம் ரூபாயும், மத்திய சர்க்கார் 2 லட்சம் ரூபாயும் அறிவித்தன. பத்திரிகைகள் நாலு நாள் எழுதின. பிறகு வேறு செய்தி வந்துவிட்டது.

எந்த ஆணி கழன்றது, எந்த முட்டு முதலில் வளைந்தது என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே வரவில்லை. அது விசாரணைக்கு உரிய விஷயம். நமக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. அது அந்த ஒரு இடத்துக்கு மட்டுமல்ல, ராயபுரம் முதல் காட்டுப்பள்ளி வரை சாரம் கட்டியிருக்கிற ஒவ்வோர் இடத்துக்கும் பொருந்துகிற கேள்வி. மேலே நிற்பவனோடு கீழே நிற்பவன் எந்தப் பாஷையில் பேசுகிறான்? மேலே நிற்பவனுக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வான்? சொன்னால் வேலை நிற்குமா, அல்லது சொன்னவன் வேலை போகுமா?

"நாங்கள் ஆலைத் தொழிலாளிகள், நாங்கள் விவசாயக் கூலிகள், கட்டிட வேலையைப் பற்றி எங்களிடம் ஏன் பேசுகிறீர்கள்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்ட பிறகு எத்தனை ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் சென்ட்ரிங் வேலைக்கும் கம்பி கட்டவும் போனார்கள் என்று பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் விசாரித்துப் பாருங்கள். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் அறுவடை முடிந்து களம் காலியானதும், பாண்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற சித்தாள்கள் யார்? நேற்று நாற்று நட்ட அதே பெண்கள்தான். ஆகவே இது பிறத்தியார் வீட்டுச் சமாசாரம் அல்ல.

பைந்தீஸும் பைந்தாலீஸும்

நாம் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். திருவொற்றியூரில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. யார் கட்டியது என்பது இங்கே வேண்டாம். கான்கிரீட்டுக்கு உள்ளே வைக்கிற கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையில் இவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதைக் கவர் என்கிறார்கள். கம்பி பலகையில் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அடியில் சிறு சிமெண்டுக் கட்டைகளை வைப்பார்கள். கடற்கரைக் காற்று படுகிற கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கவர் வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயத்தின் 456-ம் எண் விதி சொல்கிறது. டிராயிங்கிலும் 45 என்றே இருந்தது.

இளம் இஞ்சினீயர் அதை இங்கிலீஷில் படித்தார். தமிழ் மேஸ்திரியிடம் பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் சொன்னார். மேஸ்திரிக்கு வேலை நன்றாகத் தெரியும், இந்தி அரைகுறை. அவர் கம்பி கட்டும் ஒடிசாக்காரர்களின் தலைவனிடம் இந்தியில் சொன்னார். இந்தியில் 45-க்குப் பைந்தாலீஸ் என்று பெயர். 35-க்குப் பைந்தீஸ். கலவை இயந்திரம் கடகடவென்று சுற்றுகிற இடத்தில், இரண்டாம் மாடியிலிருந்து கீழே கத்துகிறபோது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அந்த ஒடிசாத் தோழனுக்கும் இந்தி தாய்ப்பாஷை அல்ல. அவன் 35 என்று எடுத்துக்கொண்டான். கட்டைகள் வந்தன, வைத்தார்கள், கான்கிரீட்டும் போட்டு முடித்தார்கள். மிச்சம் கிடந்த கட்டைகளைப் பொறுக்கி அடுக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

இதில் யார் குற்றவாளி? இஞ்சினீயர் சரியாகப் படித்தார். மேஸ்திரி சரியாகச் சொன்னார். கம்பி கட்டியவன் தனக்குக் கேட்டதைச் சரியாகச் செய்தான். நடுவில் 10 மில்லிமீட்டர் காணாமல் போயிற்று. உப்புக் காற்று அந்த 10 மில்லிமீட்டர் வழியாகத்தான் உள்ளே போகும். கம்பி துருப்பிடிக்கும், துரு பருக்கும், கான்கிரீட் வெடித்து உதிரும். கடலோரக் குடியிருப்புகளில் தளத்தின் அடிப்பாகம் பெயர்ந்து கம்பி பல் இளிக்கிற காட்சியை நம்மில் பார்க்காதவர் உண்டா?

அதைவிட நம்மை உறுத்தியது வேறொன்று. சில நாள் கழித்துத் தேரடி டீக்கடையில் அந்த சைட்டில் வேலை செய்த ஒரு வயதான சித்தாள் அம்மாவைப் பார்த்தோம். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "எனக்கு அன்னிக்கே தெரியும் தோழர். போன சைட்ல நானே வார்த்த கட்டை இதைவிட ஒசரமா இருந்துச்சி. இது குட்டையா கீதேன்னு பார்த்தேன். சித்தாள் பேச்சு எங்க தோழர் அம்பலம் ஏறும்?"

இருபது வருஷமாகச் சட்டி சுமக்கிற கண் அது. தவறை அந்தக் கண்தான் பார்த்தது. அந்த அம்மாளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் சொல்வதற்கு அவருக்குத் துணிவு வரவில்லை. இதைத்தான் நாம் பேச வந்தோம்.

கனடாவில் ஒரு தந்தி

இது நம் ஊர்ப் படிக்காத ஜனங்களின் குறை என்று யாராவது நினைத்தால், அவர்கள் கனடா நாட்டுக் கியூபெக் பாலத்தின் கதையைக் கேட்க வேண்டும். செயின்ட் லாரன்ஸ் நதியின் மேல் அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய கை நீட்டுப் பாலம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார்கள். ஆலோசனை இஞ்சினீயர் தியடோர் கூப்பர் பெரிய புகழ் படைத்தவர். வயதாகிவிட்டது, உடல்நலம் சரியில்லை. நியூயார்க்கில் உட்கார்ந்தபடியே வேலையை நடத்தினார். பாலத்தின் நடு இடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டினார்கள். நீட்டியபின் பாலத்தின் சொந்த எடை எவ்வளவு கூடும் என்று மறுபடி ஒழுங்காகக் கணக்குப் பார்க்கவில்லை.

1907 ஆகஸ்டு மாதம். கீழ்ப்பக்கத்து இரும்புப் பட்டைகள் வளைய ஆரம்பித்ததை அங்கே வேலை செய்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய துளைகள் பொருந்தவில்லை. வளைவு நாளுக்கு நாள் கூடியது. சைட்டில் இருந்த அதிகாரிகள், அது தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வந்திருக்கும் என்று தர்க்கம் செய்தார்கள். கடைசியில் ஓர் இளம் இஞ்சினீயர் ரயிலேறி நியூயார்க் போய்க் கூப்பரிடம் நேரில் சொன்னார். கூப்பருக்கு உடனே அபாயம் விளங்கிவிட்டது. இனிமேல் பாலத்தின் மேல் பாரம் ஏற்றாதே என்று தந்தி கொடுத்தார். ஆனால் தந்தி வேலை நடக்கும் இடத்துக்குப் போகவில்லை. நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் பீனிக்ஸ்வில் என்ற ஊரிலிருந்த கம்பெனித் தலைமை ஆபீசுக்குப் போயிற்று. அங்கே இருந்தவர்கள் கூடிப் பேசி, நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அன்று ஆகஸ்டு 29. மாலை வேலை முடிகிற நேரத்துக்குச் சற்று முன் பாலம் நதியில் விழுந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் மாண்டார்கள். அவர்களில் 33 பேர் மோஹாக் என்ற செவ்விந்திய இனத்தவர், ஒரே கிராமத்துக்காரர்கள். அந்தக் கிராமத்தில் அன்று எத்தனை அடுப்பு எரிந்திருக்கும்!

அபாயம் யாருக்குத் தெரிந்தது? பாலத்தின் மேல் நின்றவனுக்கு. நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது? நியூயார்க்கில் ஒருவரிடம், பீனிக்ஸ்வில்லில் சிலரிடம். பாலத்தின் மேல் நின்றவனுக்கு மட்டும் அந்த அதிகாரம் இல்லை. மேதையின் அறிவும் தொழிலாளியின் கண்ணும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சந்தித்திருந்தால் 75 உயிர் பிழைத்திருக்கும்.

பிறகு வெள்ளைக்காரர்கள் இதைப் பற்றிப் புத்தகம் போட்டே ஆராய்ந்தார்கள். 1965-ல் பிரிட்டனில் டேவிஸ்டாக் நிறுவனத்தின் சார்பில் ஹிக்கின், ஜெஸ்ஸப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கட்டிடத் தொழிலில் செய்தி எப்படிப் போகிறது, எங்கே தடைப்படுகிறது என்று ஓர் அறிக்கை கொடுத்தார்கள். கட்டிட வேலையில் ஒவ்வொருவனும் மற்றவனை நம்பித்தான் இருக்கிறான். ஆனால் வேலையின் ஏற்பாடு மட்டும் ஒவ்வொருவனும் தனித்தனி என்பது போல இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். 1994-ல் சர் மைக்கேல் லேத்தம் என்பவர் அதே நாட்டில் இன்னோர் அறிக்கை கொடுத்தார். ஒப்பந்தச் சண்டையை விட்டுக் கூட்டாக வேலை செய்யப் பழகுங்கள் என்றார். முப்பது வருஷ இடைவெளியில் இரண்டு அறிக்கை. நோய் மட்டும் ஒன்றேதான்! ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். இந்த அறிக்கைகள் கட்டிட முதலாளி, சிற்பி, இஞ்சினீயர், காண்டிராக்டர் இவர்கள் எப்படி ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்பதைத்தான் நிறையப் பேசுகின்றன. சட்டி சுமப்பவள் அந்தக் கூட்டில் சேர்த்தியா? அதை நாம்தான் கேட்க வேண்டும்.

கற்றுக் கொடுப்பது யார்?

கட்டிட வேலையைக் கற்க நம் நாட்டில் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

முதலாவது இஞ்சினீயரிங் கல்லூரி. கிண்டிக் கல்லூரியின் மூலம் 1794-ல் கும்பெனியார் நில அளவைக்காக ஆரம்பித்த பள்ளிக்கூடம். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அங்கே பாடம் இங்கிலீஷில்தான் பெரும்பாலும் நடக்கிறது. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் ஆகிய இரண்டு படிப்புகளையும் தமிழில் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் 2023-ல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் சேருவோர் இல்லை என்று தமிழ் வழியை நிறுத்த உத்தரவிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் வாபஸ் வாங்கினார்கள். ஏன் சேரவில்லை? தமிழில் படித்தவனுக்குக் கம்பெனியில் வேலை கிடைக்காது என்ற பயம். அந்தப் பயத்துக்கு மாணவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: அதே மாணவன் படிப்பு முடிந்து சைட்டுக்கு வந்ததும், முதல் நாளே அவன் பேச வேண்டியது தமிழ்க் கொத்தனாரோடும் வங்காளி கம்பிக்காரனோடும்! அதற்கு அவனை யாரும் தயார் செய்யவில்லை. வளைவு விசையைக் கணக்கிடத் தெரியும், ஒரு சித்தாளிடம் "அம்மா, உங்களுக்கு இதில் என்ன தோன்றுகிறது?" என்று கேட்கத் தெரியாது. பயல்கள் கெட்டவர்கள் அல்ல. நாலு வருஷத்தில் ஒரு நாளாவது அவர்களைக் கரண்டி பிடிக்க வைத்திருந்தால், ஒரு கொத்தனாரைக் கல்லூரிக்கு அழைத்து வந்து பாடம் நடத்தச் சொல்லியிருந்தால், அவர்களுடைய கண் திறந்திருக்கும்.

இரண்டாவது ஐ.டி.ஐ. அங்கே கைத்தொழில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் பிட்டர், எலக்ட்ரீஷியன் வகுப்புக்கு இருக்கிற மவுசு கொத்து வேலை வகுப்புக்குக் கிடையாது. காரணம் தெரிந்ததே. சர்டிபிகேட் வைத்திருக்கிற கொத்தனாருக்கும் இல்லாத கொத்தனாருக்கும் காண்டிராக்டர் ஒரே கூலிதான் கொடுக்கிறான்.

மூன்றாவது வழிதான் நம் ஜனங்களின் வழி: மேஸ்திரியின் பின்னால் நின்று கற்பது. பத்து வருஷம் சட்டி தூக்கு, கலவை போடு, கண்ணால் பார், கையால் பழகு. இந்த முறையை நாம் இளக்காரமாகப் பேச மாட்டோம். 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் இன்றும் நிற்கிறதே, அதை எழுப்பிய கொத்தனார்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? சுண்ணாம்பை எத்தனை நாள் ஊற வைப்பது, எப்போது அரைத்தது போதும் என்று கையில் எடுத்துப் பார்த்தே சொன்ன வம்சம் அது. கடுக்காய் நீரும் வெல்லமும் எந்தப் பதத்தில் சேர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் சுண்ணாம்பு போய் சிமெண்டு வந்தது. சுண்ணாம்பு மெதுவான பொருள். தப்புச் செய்தால் திருத்த நேரம் கொடுக்கும். சிமெண்டு அப்படியல்ல. தண்ணீர் பட்டு அரை மணி ஆனால் இறுக ஆரம்பிக்கலாம். சாப்பாட்டுக்குப் போய் வந்து, காய்ந்த கலவையில் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பூசினால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே பலம் போயிருக்கும். கூடுதலாக ஊற்றிய ஒவ்வொரு வாளித் தண்ணீரும் ஆவியாகும்போது சிறு துளைகளை விட்டுப் போகும். அந்தத் துளைகள்தான் உப்புக்கும் ஈரத்துக்கும் வாசல். இது தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் தண்ணீரை அள்ளி ஊற்ற மாட்டான். தெரியாவிட்டால், "சீக்கிரம் இறக்கு" என்று மேஸ்திரி விரட்டும்போது வேறென்ன செய்வான்? கலவை இளகினால் கை வலி குறையும், ஊற்றுவான். கை வேலை தலைமுறை தலைமுறையாக வந்துவிட்டது. புதிய பொருளின் காரணம் மட்டும் வரவில்லை.

சில மேஸ்திரிகள் காரணம் தெரிந்தும் சொல்வதில்லை. ஆலைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. பழைய நாளில் தறியைக் கற்றுக் கொடுக்க ஜாபருக்குக் கையூட்டுக் கொடுத்த கதை உங்கள் பாட்டனாருக்குத் தெரியும். தொழில் ரகசியம் மேஸ்திரியின் மடியில் இருக்கும் வரைக்கும்தான் அவன் மேஸ்திரி. ஆளைப் பிடித்து வந்து கூலியில் கழித்துக்கொள்கிற முறை இருக்கும்போது, அவனுக்குக் கீழே இருப்பவன் அறிவாளியாவதில் அவனுக்கு என்ன லாபம்?

இதில் பெண்களின் நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் சித்தாள் ஐந்து வருஷத்தில் பெரியாள் ஆகிறான், பிறகு கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிறான். பெண் சித்தாள் பதினெட்டு வயதில் சட்டியைத் தலையில் வைத்தால் ஐம்பது வயதிலும் அதே சட்டிதான். அவளைக் கரண்டி பிடிக்கவிடுவதில்லை. வயலில் நாற்று நடும்போது வரிசை தவறாமல், ஆழம் தவறாமல், பக்கத்தில் நடுபவளின் வேகம் பார்த்துத் தன் கையை ஓட்டுகிறவள் அவள். கூட்டு வேலை என்றால் என்ன என்று அவளுக்கா சொல்லிக் கொடுக்க வேண்டும்? ஓட்டு வரிசை வைக்கவும், மட்டம் பார்க்கவும், தூக்குக்குண்டு பிடிக்கவும் அந்தக் கைக்கு வராதா?

"வடநாட்டான்" என்று ஒதுக்கலாமா?

நம் தோழர்களில் சிலரிடம் ஒரு மனக்கசப்பு இருக்கிறது. அதை மறைத்துப் பிரயோசனமில்லை. வெளிமாநிலத்தான் வந்து கூலியைக் குறைத்துவிட்டான், அவனோடு என்ன பேச்சு என்கிறார்கள். கூலியைக் குறைப்பவன் அவனா, அவனை அழைத்து வந்து குறைந்த கூலிக்கு அடைத்து வைப்பவனா? 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டபோது, அந்த இடிபாட்டிலிருந்து எடுத்த உடல்களில் ஆந்திரக்காரனும் இருந்தான், ஒடிசாக்காரனும் இருந்தான், தமிழனும் இருந்தான். எட்டே நாள் கழித்து, ஜூலை 6 அன்று, திருவள்ளூர் மாவட்டம் உப்பரபாளையம் பக்கத்தில் கிடங்குச் சுவர் இடிந்து, அதன் ஓரத்துக் குடிசைகளில் படுத்திருந்த 11 பேர் மாண்டார்கள். அவர்களும் ஆந்திரத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். சுவர் பாஷை பார்த்து விழவில்லை.

இந்தித் திணிப்பை எதிர்ப்பது ஒன்று. பக்கத்தில் முட்டுப் பிடிக்கிறவனோடு பேசுவது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அஸ்ஸாமிலிருந்து வருபவனுக்கு வீட்டுப் பாஷை அஸ்ஸாமியாக இருக்கலாம், வங்காளியாக இருக்கலாம், மலைவாசிகளின் பாஷையாக இருக்கலாம். அவனுக்கும் இந்தி கடன் வாங்கிய பாஷைதான். கம்பியின் கனத்தை நம்மவர் எட்டு எம்.எம்., பன்னிரண்டு எம்.எம். என்கிறார்கள், அவன் மூன்று சூத், நாலு சூத் என்கிறான். மூன்று சூத் என்றால் 10, நாலு சூத் என்றால் 12. இதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இருவரும் கற்றுக்கொள்ளலாம். "நில்", "விடாதே", "தூக்கு", "இறக்கு", "விலகு", "ஆபத்து" என்று இருபது சொற்கள், இரண்டு பக்கமும். உயிரைக் காக்க அகராதி முழுவதும் வேண்டியதில்லை.

கேரளத்தில் என்ன செய்தார்கள்?

பக்கத்து மாநிலத்தைப் பார்ப்போம். இங்கிலீஷ்காரராகப் பிறந்து இந்தியப் பிரஜையான லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் தங்கி நூற்றுக்கணக்கான வீடுகளைக் கட்டினார். ஆபீசில் உட்கார்ந்து டிராயிங் அனுப்புவது அவர் வழக்கமல்ல. சைட்டுக்குப் போவார், கொத்தனாரோடு நின்று பேசுவார், கையில் கிடைத்த காகிதத்தில் படம் போட்டுக் காட்டுவார், அங்கேயே மாற்றுவார். செங்கல்லை எப்படி அடுக்கினால் செலவு குறையும், ஜன்னலுக்குச் சட்டம் இல்லாமல் எப்படிச் சமாளிக்கலாம் என்று சாதாரண ஜனங்களுக்குப் படம் போட்டுச் சிறு பிரசுரங்களும் எழுதினார். 1985-ல் முன்னாள் கம்யூனிஸ்டு முதலமைச்சர் சி. அச்சுத மேனனும், பொருளாதார நிபுணர் கே. என். ராஜும், பேக்கரும் சேர்ந்து காஸ்ட்போர்டு என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். இஞ்சினீயரும் கொத்தனாரும் ஒரே வேலைத்தளத்தில் சேர்ந்து கற்க ஓர் இடம் கிடைத்தது.

அதற்கும் வெகு காலம் முன்னால், 1925-ல், வடகரைப் பக்கம் வாக்படானந்தர் என்ற சீர்திருத்தவாதியைப் பின்பற்றியவர்கள் ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். நூறு ஆண்டு கடந்து இன்று சாலை, பாலம், பெரிய கட்டிடங்கள் என்று ஆயிரக்கணக்கான தொழிலாளிகளை வைத்து வேலை செய்கிறது. அங்கே இயக்குநர்கள் தொழிலாளி உறுப்பினர்களிடையிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். கல் உடைத்தவன் டைரக்டராக உட்காருகிறான். சாரம் ஆடுகிறது என்று மேலிருந்து ஒருவன் சொன்னால், கீழே அதைக் கேட்பவனும் ஒரு காலத்தில் சாரத்தில் நின்றவன்தான்! அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பேச்சுக் கீழிருந்து மேலே போக ஒரு படிக்கட்டு இருக்கிறது.

சட்டம் இருக்கிறது, எங்கே கமிட்டி?

நம் மாநிலத்திலும் ஒன்றும் இல்லாமல் இல்லை. கட்டிடத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் வந்தது. சங்கங்கள் வருஷக்கணக்கில் போராடிப் பெற்றது. 1996-ல் மத்தியச் சட்டம் வந்தது. கட்டிடச் செலவில் நூற்றுக்கு 1 வீதம் வரியாக வசூலித்துத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்று ஏற்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்து அந்தப் பழைய சட்டத்தை அதில் கரைத்துவிட்டது. அந்தத் தொகுப்புகளின் மேல் தொழிற்சங்கங்களுக்கு இருக்கிற ஆட்சேபம் தனிக் கட்டுரைக்கு உரியது. ஆனால் அதிலேயே கூட, கட்டிட இடங்களில் பாதுகாப்புக் கமிட்டி அமைக்க வழி இருக்கிறது. அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் முதலாளி தரப்பைவிடக் குறையக் கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் தொழிலாளி நேரடியாகவோ கமிட்டி மூலமாகவோ முதலாளியிடம் சொல்லலாம், இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கலாம் என்றும் இருக்கிறது.

காகிதத்தில் இருப்பதை நாம் பயன்படுத்த வேண்டாமா? ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்களை நாலு சப்-காண்டிராக்டர்கள் அறுபது அறுபதாகப் பிரித்துக் கணக்குக் காட்டினால், கமிட்டி எங்கே போகும்? இதைக் கண்காணிப்பது சங்கத்தின் வேலை. கமிட்டியில் தமிழ்த் தொழிலாளி மட்டும் உட்கார்ந்தால் போதாது. அஸ்ஸாம், பீகார், ஒடிசாக்காரர்களின் ஆளும், சித்தாள் பெண் ஒருத்தியும் அவசியம் இருக்க வேண்டும். காலையில் வேலை ஆரம்பிக்குமுன் பதினைந்து நிமிஷம் எல்லோரையும் கூட்டி, இன்று என்ன வேலை, எங்கே அபாயம், ஏன் இப்படிச் செய்கிறோம் என்று அவரவர் பாஷையில் சொல்ல வேண்டும். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கும் கூலி உண்டு.

"நேரம் ஏது?" என்று காண்டிராக்டர் கேட்பார். கான்கிரீட் லாரி ஒரு மணி தாமதமானால் இருநூறு பேரைச் சும்மா நிற்க வைக்கிறார்; அப்போது மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது? தவிர, கூட்டம் என்றால் சூப்பர்வைசர் ஒருவர் காகிதத்தைப் பார்த்துப் படிக்க, எல்லோரும் கைரேகை வைத்துவிட்டுப் போவது அல்ல. அப்படி நடக்கிற இடங்களை நாம் பார்த்திருக்கிறோம். கேள்வி கேட்கிற கூட்டமாக இருக்க வேண்டும். கேட்டவனை மறுநாள் கேட்டில் நிறுத்தக் கூடாது.

நல வாரியத்தில் சேருகிற வரிப்பணத்திலிருந்து பயிற்சி நடத்த வேண்டும். பயிற்சி நாளுக்குக் கூலி கொடுக்காமல் கூப்பிட்டால் எந்தத் தொழிலாளியும் வர மாட்டான், வரவும் முடியாது. கரண்டி பிடிக்கிற பயிற்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்க வேண்டும். இஞ்சினீயரிங் மாணவர்களை அந்த வகுப்புக்கு அனுப்ப வேண்டும், பாடம் சொல்ல அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து கற்க.

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தண்டையார்பேட்டையிலும் நம் சங்க ஆபீஸ்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவை பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு கரும்பலகை வாங்கினால் போதும். வயதான கொத்தனார் ஒருவர், வேலை தெரிந்த சித்தாள் அம்மாள் ஒருவர், ஆர்வமுள்ள இளம் இஞ்சினீயர் ஒருவர், இந்தி தெரிந்த தோழர் ஒருவர் என்று நாலு பேர் சேர்ந்தால் பள்ளிக்கூடம் ஆயிற்று. கதவைத் திறந்து வைத்தால் வெளிமாநிலத் தோழர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

முதல் பாடமாக முட்டுப் பிரிக்கும் கணக்கை எழுதலாம். சாதாரண போர்ட்லண்டு சிமெண்டானால், 15 அடிக்குள் அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் 14 நாள். 20 அடிக்குள் பீமுக்கு 14 நாள். அதற்கு மேல் 21 நாள். இடது பக்கம் தமிழில், வலது பக்கம் இந்தியில், நடுவில் ஒரு சவுக்கு முட்டின் படம். அதற்குக் கீழே ஏன் என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, சாக்பீஸை அந்தச் சித்தாள் அம்மாளிடம் கொடுக்க வேண்டும்.